பெட்டியில் இருக்கும் வின்செஸ்டரா, சேணத்தில் தேய்ந்த வின்செஸ்டரா?

நினைவுப் பதிப்பு ரைஃபிள் ஒன்றை முதன்முதலாக வாங்க நினைப்பவர் முன்னால் அமெரிக்கச் சந்தை மூன்று வகைச் சரக்கை வைக்கிறது. ஒன்று, அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான வின்செஸ்டரே 1964 முதல் வரிசையாக வெளியிட்ட மாடல் 94 லீவர் ரைஃபிளின் நினைவுப் பதிப்புகள். முலாம் பூசிய உடல், பதக்கம் பதித்த கட்டை, படம் அச்சிட்ட அட்டைப்பெட்டி என்று வருபவை. இரண்டாவது, அதே மாடல் 94-இன் சாதாரணப் பழைய கார்பைன், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள். எந்த விழாவுக்காகவும் செய்யப்படாதது. பண்ணையிலும் மலையிலும் உழைத்துத் தேய்ந்தது. நல்ல நேரம் இருந்தால் தன் தோலுறையோடே கிடைப்பது. மூன்றாவது, தனியார் நிறுவனங்கள் ஒரு புதுத் துப்பாக்கியை வாங்கி, அதன்மேல் வேலைப்பாடு செய்து, சான்றிதழோடு விற்கும் கௌரவப் பதிப்பு. இவை மூன்றுக்கும் வெளியே, பழைய ராணுவ ரைஃபிளும் அதன் தோல்வாரும் என்று இன்னொரு பாதையும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் துப்பாக்கியாக வாங்க வேண்டியது 1964-க்கு முந்தைய சாதாரண 94. தோல் சாமான்களில் ஆசை உள்ளவருக்கு இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். நினைவுப் பதிப்புதான் வேண்டும் என்றால், கொண்டாடப்படும் நிகழ்ச்சிக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் நிஜமாகவே உறவு இருக்கிற ஒன்றாகப் பார்த்து, பிரிக்காத பெட்டியோடு, லாபக் கணக்கு போடாமல் வாங்க வேண்டும்.

காரணங்களுக்குப் போகுமுன் சட்டம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை: எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. அழகுக்காகச் சுவரில் மாட்டுகிற பொன்முலாம் துப்பாக்கிதானே என்ற வாதம் எடுபடாது. நினைவுப் பதிப்பும் சட்டத்தின் கண்ணில் சுடக்கூடிய துப்பாக்கிதான். 1898 முடியச் செய்யப்பட்டவை கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள் வகையில் சேரும். ஐம்பது ஆண்டு தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருப்பவை ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்ற பிரிவில் வரும். அதற்கென்று சேகரிப்பாளர் உரிமம் தனியாக உண்டு. 1960-களின் நினைவுப் பதிப்புகள் இப்போது இந்த வயதைக் கடந்துவிட்டன. மாநிலச் சட்டங்கள் தனி. வாங்குமுன் உள்ளூர் உரிமம் பெற்ற வியாபாரியிடம் கேட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு நிலைமை வேறு. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு ஒருவர் உரிமத்தோடு வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டுதான். வெளிநாட்டிலிருந்து ஒரு தனிநபர் சேகரிப்புக்காக இறக்குமதி செய்வது நடைமுறையில் அடைபட்ட வழி. ஆனால் தோலுறை, தோள்வார், தோட்டாப் பட்டை, பழைய விளம்பரத்தாள், காலிப் பெட்டி ஆகியவற்றை யாரும் சேகரிக்கலாம். துப்பாக்கியே இல்லாமல் தோல் சாமான்களை மட்டும் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர் உண்டு. அது குறைபட்ட சேகரிப்பு இல்லை.

சரி, நினைவுப் பதிப்புக்கு வருவோம்.

மாடல் 94 ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. 1894-இல் வந்தபோது .32-40, .38-55 என்ற கருமருந்துக் காலத் தோட்டாக்களுக்காக வந்தது. அடுத்த ஆண்டே புகையில்லா மருந்தோடு .30-30 வந்து சேர்ந்தது. மெல்லிய உடல், லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார், சேணத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டையான வடிவம். குதிரையில் போகிறவனுக்கு இதைவிடத் தோதான ரைஃபிள் அன்று இல்லை. 2006-இல் நியூ ஹேவன் ஆலையை மூடும்வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பத்து லட்சமாவது துப்பாக்கி 1927-இல் அதிபர் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவது 1948-இல் ட்ரூமனுக்கும், இருபது லட்சமாவது 1953-இல் ஐசன்ஹோவருக்கும் போனது.

1964-இல் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. செலவைக் குறைக்க வின்செஸ்டர் தன் உற்பத்தி முறையையே மாற்றியது. கடைந்தெடுத்த பாகங்களின் இடத்தில் தகட்டில் அடித்தெடுத்த தோட்டாத் தூக்கி வந்தது. திடமான ஊசிகளின் இடத்தில் சுருட்டிய குழல் ஊசிகள் வந்தன. துப்பாக்கியின் நடு உடலான ரிசீவருக்குப் பயன்படுத்திய புதிய உலோகம், துருவைத் தடுக்க இரும்புக்குக் கருநீலம் கொடுக்கும் வழக்கமான நீலமேற்றலை ஒழுங்காக ஏற்கவில்லை. துப்பாக்கிப் பிரியர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே ஆண்டில்தான் வயோமிங் மாநிலத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டுக்காக 1,500 கார்பைன்கள் கொண்ட முதல் 94 நினைவுப் பதிப்பு வந்தது. அடுத்து 1966-இல், நிறுவனத்தின் நூற்றாண்டுக்காக ‘சென்டெனியல் 66’. பொன்முலாம் பூசிய ரிசீவர், எண்கோணக் குழல். இதில் ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். 1968-இன் ‘பஃபலோ பில்’ அதையும் தாண்டியது. இவற்றோடு கனடா நூற்றாண்டு, அலாஸ்கா, நெப்ராஸ்கா, இல்லினாய், கோல்டன் ஸ்பைக், தியோடர் ரூஸ்வெல்ட், லோன் ஸ்டார், டெக்சஸ் ரேஞ்சர், வெல்ஸ் ஃபார்கோ, ஜான் வெய்ன் என்று 1980-கள் வரை ஊர்வலம் நிற்கவில்லை.

முதலீடு என்று இவற்றை வாங்கியவர்கள் ஏராளம். கணக்கைப் பாருங்கள். ‘சென்டெனியல் 66’ கடைவிலை 125 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைய காசில் ஏறக்குறைய 1,200 டாலர். பெட்டியோடு, ஒரு குண்டுகூடச் சுடாமல் அறுபது ஆண்டு காத்த துப்பாக்கிகள் பெரும்பாலும் அந்த விலையைக்கூடத் தொடுவதில்லை. 1981-இன் ஜான் வெய்ன் 600 டாலருக்கு வந்தது. இன்றைய காசில் 2,000-க்கு மேல். அதன் கதையும் அதேதான். ஒரு லட்சம் பேர் ஒரே பொருளை வாங்கி, ஒரு லட்சம் பேரும் பத்திரமாகப் பாதுகாத்தால் அது எப்படி அரிதாகும்? வயோமிங், அலாஸ்கா பதிப்புகள் 1,500 வீதம் மட்டுமே வந்தவை. அவை தேடப்படுவதற்குக் காரணம் முலாம் அல்ல, இந்த எண்ணிக்கைதான்.

எண்ணிக்கையைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கோல்டன் ஸ்பைக் பதிப்பு, 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ரொமன்ட்ரியில் கண்டம் கடந்த ரயில்பாதை இணைந்ததன் நூறாம் ஆண்டு நினைவாக வந்தது. அந்த நாளில் இந்த மாடலே பிறக்கவில்லை. பிறக்க இன்னும் 25 ஆண்டு இருந்தது. பஃபலோ பில் எருமை வேட்டையில் பெயர் வாங்கியது ‘லுக்ரீஷியா போர்ஜியா’ என்று அவர் பெயரிட்டு வைத்திருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியால். ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச்சென்று மெச்சியது .405 தோட்டாவுக்கான மாடல் 1895. ஆகவே பதக்கத்தில் இருக்கும் முகத்துக்கும் கையில் இருக்கும் இரும்புக்கும் நடுவே பல பதிப்புகளில் பெரிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளி இல்லாதவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன். சென்டெனியல் 66 எண்ணிக்கையில் மலிந்திருந்தாலும் நேர்மையானது: நிறுவனம் தன் பிறந்தநாளைக் கொண்டாடியது, மஞ்சள் உலோக உடல் கொண்ட தன் முதல் மாடலான 1866-ஐப் பொன்முலாத்தால் நினைவுபடுத்தியது. டெக்சஸ் ரேஞ்சர் பதிப்பும் அப்படித்தான். டெக்சஸ் மாநிலக் காவல் படையினரான ரேஞ்சர்கள் இந்த 94-ஐ நிஜமாகவே தூக்கித் திரிந்தவர்கள், செய்ததும் 5,000 மட்டுமே. ஜான் வெய்ன் பதிப்பில் திரையில் அவர் சுழற்றிய பெரிய வளைய லீவர் அப்படியே இருக்கிறது. ஆனால் அது .32-40 தோட்டாவுக்கானது, சுட நினைத்தால் தோட்டா தேடி அலைய வேண்டியிருக்கும்.

சுடுவது என்ற பேச்சு வந்ததால் இதைச் சொல்ல வேண்டும். நினைவுப் பதிப்பின் மதிப்பு முழுக்கச் ‘சுடப்படாதது’ என்ற ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. ஒரு தோட்டா சுட்டதும் அது பளபளப்பான சாதாரண 94 ஆகிவிடும். அதனால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் இடங்களைப் பார்க்க வேண்டும். லீவரைத் திறந்து தோட்டாத் தூக்கியின் மேல்முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பித்தளைத் தோட்டா ஏறி இறங்கியிருந்தால் மெல்லிய மஞ்சள் இழுப்புக் கோடுகள் இருக்கும். சுத்தியலின் நெற்றியில், பூட்டு (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்) பின்னுக்கு வரும்போது உரசும் இடத்தில் நீலம் தேய்ந்து வெள்ளிக்கோடு தெரிந்தால் லீவரைப் பலமுறை ஆட்டியிருக்கிறார்கள். அது சுட்டதற்குச் சாட்சி இல்லை, ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லக் காரணம். பூட்டின் முகத்தில் ஊசித்துளையைச் சுற்றி வட்டமான கறை இருந்தால் சுட்டாகிவிட்டது.

பிறகு பெட்டி. வெளி உறையில் எழுதிய வரிசை எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பல பதிப்புகளுக்குத் தனி முன்னெழுத்து உண்டு: கோல்டன் ஸ்பைக்குக்கு ஜிஎஸ், ரூஸ்வெல்ட்டுக்கு டிஆர், ஜான் வெய்னுக்கு ஜேடபிள்யூ. பெட்டி இல்லாத நினைவுப் பதிப்பை நான் வாங்கமாட்டேன். பெட்டி இருந்தாலும் அதிலேயே வைத்திருக்கவும் மாட்டேன். பழைய தெர்மோகோல் அச்சும் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தைப் பிடித்துவைத்து, முலாத்துக்கு அடியில் புள்ளிபுள்ளியாய்த் துருவை வளர்க்கும். முலாத்துக்கு அடியில் வந்த துருவை எடுக்க முயன்றால் முலாமும் கூடவே வரும்.

இப்போது சாதாரண 94. 1964-க்கு முன் செய்தவை சுமார் 26 லட்சம். அதனால் இதுவும் அரிய பொருள் அல்ல. ஆனால் இங்கே ஒவ்வொன்றும் தனி. ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதிரி வெளியேறி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாழ்க்கைக்குள் போனவை. சிலவற்றின் வாழ்க்கையைக் காகிதத்தோடு நிரூபிக்கவும் முடியும். முதல் உலகப்போரில் விமானத்துக்கான ஸ்ப்ரூஸ் மரம் வெட்டப்பட்ட வடமேற்குக் காடுகளைக் காக்க அமெரிக்க ராணுவம் 1918-இல் சுமார் 1,800 கார்பைன்கள் வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பசிபிக் கடற்கரை ரேஞ்சர்கள் கையில் கனடிய அரசு 94-களைக் கொடுத்தது. அவற்றில் சி எழுத்துக்குள் அம்புக்குறி இருக்கும். கனடா நூற்றாண்டுக்கு 1967-இல் வந்த பொன்முலாம் பதிப்பையும் அந்த அம்புக்குறி பதித்த கார்பைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது கனடாவின் நினைவு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த முத்திரைகளுக்கு விலை அதிகம், அதனால் போலியும் அதிகம். தெரிந்தவர் பார்க்காமல் வாங்கக் கூடாது. மிகப் பழைய வரிசை எண்களுக்கு வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் ஆலையின் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து கடிதம் தரும். எந்தத் தேதியில் எந்த வடிவில் ஆலையை விட்டுப் போனது என்று அதில் இருக்கும்.

பழைய 94-ஐப் பார்க்கும் கண் வேறாக இருக்க வேண்டும். ரிசீவர் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தால் கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள். 1910, 20-களில் வந்த ரிசீவர்களில் நீலம் தானாகவே செதிலாய் உதிரும். அந்த உலோகத்தின் குணம் அது. அதைவிட மோசமானது யாரோ ‘புதுசு பண்ணி’ மறுபடி நீலமேற்றியது: எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழிந்திருக்கும். இடப்பக்கம் சேண வளையம் இருந்தால் அதன் கீழே கவனியுங்கள். வளையம் ஆடி ஆடி ரிசீவரில் பிறை வடிவில் ஒரு தேய்வை உண்டாக்கியிருக்கும். பழைய கார்பைனில் அந்தப் பிறை அது உழைத்ததற்கான சாட்சி. நினைவுப் பதிப்பில் அதே பிறை இருந்தால் விலை சரியும். இரண்டையும் ஒப்பிடுகிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான்: ஒன்றில் கைபட்ட தடம் மதிப்பு, மற்றதில் அதே தடம் சேதம்.

தோல் சாமான்கள் எந்தப் பக்கம் சாயும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

மேற்கு அமெரிக்கச் சேணக்காரர்கள் செய்த ரைஃபிள் உறைகள் தனி உலகம். டென்வரின் ஹைசர், ப்வெப்லோவின் ஃப்ரேசியர், ஷயெனின் மீனியா, மான்டானாவின் மைல்ஸ் சிட்டி சேணக்கடை, ஃபர்ஸ்ட்னோ, எல் பாசோவின் மையர்ஸ் என்று பெயர் பெற்ற பட்டறைகள். உறையின் வாய்ப்பக்கத்தில் அந்தப் பட்டறையின் முத்திரை அழுத்தியிருக்கும். நல்ல உறையைக் கையில் எடுத்தால் துப்பாக்கி உள்ளே இல்லாமலேயே அதன் உருவம் தெரியும். லீவர் இருந்த இடத்தில் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். முன்பார்வை முள் உரசிய இடத்தில் உட்பக்கம் ஒரு வாய்க்கால் ஓடியிருக்கும். குதிரையின் விலாவோடு உராய்ந்த பக்கம் கண்ணாடிபோல மழமழவென்றும் கருத்தும், மறுபக்கம் வெயிலில் வெளிறியும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ‘பழசாக’ இருந்தால் சந்தேகப்படுங்கள். சாயத்தாலும் உப்புத்தாளாலும் பழசாக்கியவர்களுக்குக் குதிரை எந்தப் பக்கம் என்று தெரிந்திருப்பதில்லை. முத்திரையைப் பாருங்கள்: சுற்றியுள்ள தோல் தேய்ந்திருக்க, முத்திரை எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக நின்றால் அது பின்னால் அடித்தது. தையல் துளைகளைப் பாருங்கள்: ஆண்டுக்கணக்கில் பாரம் இழுத்த துளை நீண்டு போயிருக்கும். நூல் மட்டும் புதிதாய் இருந்தால் பழுது பார்த்தது. அதில் குற்றமில்லை, விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். உறையின் நீளமும் துப்பாக்கிக்குப் பொருந்த வேண்டும். 20 அங்குலக் குழல் கார்பைனை 26 அங்குல ரைஃபிளின் உறையில் போட்டு ‘ஒரே ஜோடி’ என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது.

நினைவுப் பதிப்போடு தோலுறை சேர்த்து விற்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆலைப் பெட்டியிலேயே வந்தது என்று சொன்னால் அந்தக் காலத்து விளம்பரத்தாளையோ விலைப்பட்டியலையோ கேளுங்கள். பெரும்பாலும் பின்னால் யாரோ சேர்த்ததாக இருக்கும். இன்னொரு கேடு: தோள்வார் மாட்டுவதற்காகக் கட்டையில் துளை போட்ட நினைவுப் பதிப்புகள். துளை விழுந்தால் பதிப்பின் மதிப்பு போயிற்று. வார் வேண்டுமென்றே இருந்தால் துளையில்லாமல் கட்டையைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கும் தோலுறையோடு கூடிய வார்கள் கிடைக்கின்றன. பழைய 94-க்கும் அதையே சொல்வேன்.

தோலின் தன்மையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய உறைகளும் வார்களும் மரப்பட்டையின் துவர்ப்பில் பதனிட்டவை. ஓரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். குரோமியத்தில் பதனிட்டது நடுவில் நீலச் சாம்பலாய் இருக்கும். ‘முதல் உலகப்போர் வார்’ என்று வருவதன் ஓரத்தில் அந்த நீலம் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பட்டையில் பதனிட்ட தோல் ஈரத்தில் அச்சு எடுக்கும், அதனால்தான் உறையில் லீவரின் உருவம் நிற்கிறது. ஆனால் அதற்கே உரிய ஒரு நோயும் உண்டு: மேல்தோல் சிவந்த பொடியாய் உதிரும். விரலால் தடவினால் செம்மண் தூள்போல ஒட்டும். காற்றில் உள்ள கந்தகப் புகையை இழுத்து இழுத்து, தோலுக்குள்ளேயே அமிலம் ஊறிப்போனதன் விளைவு.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடிப் பக்கங்களில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு மூட்டை மூட்டையாய்ச் சீமைக்குப் போன ‘ஈஸ்ட் இந்தியா’ தோலுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. மிருதுவும் நிறமும் அருமை. அதே தோலில் கட்டிய புத்தக அட்டைகள் சில பத்தாண்டுகளிலேயே பொடிந்ததைக் கண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கலைச் சங்கத்தின் குழு ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்பு வகைகளைப் புத்தகக் கட்டுக்கு ஒதுக்கச் சொன்னது. தோல் செய்தவர்களின் கைத்திறன்மேல் குறையில்லை. துவர்ப்பின் வேதியியல் அப்படி. நகரப் புகை படாத இடத்தில் அதே தோல் நீண்ட காலம் நிற்கும். சேண உறைகளிலும் இந்தச் செம்பொடி நோயைப் பார்த்தால், அது எங்கே தொங்கியது, எந்தக் காற்றை உண்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பராமரிப்பில் தோலும் இரும்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதைத்தான் முதலில் பழக வேண்டும். ரைஃபிளைத் தோலுறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட அமிலமும் உப்பும் அதிலேயே இருக்கும். சில மாதத்தில் குழலில் உறையின் தடம் துருவாய் விழும். காட்சிக்கு வைக்கும்போதுகூட இரண்டையும் பக்கத்தில் வையுங்கள், ஒன்றுக்குள் ஒன்று வேண்டாம். உறைக்குள் அமிலமில்லாத காகிதத்தைச் சுருட்டித் திணித்தால் வடிவம் நிற்கும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும்.

பழைய தோலைக் கண்டதும் எண்ணெய் பூசும் கை நம்மில் பலருக்கு உண்டு. மாட்டுக் குளம்பெலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயைக் கடைக்காரரும் தூக்கிக் கொடுப்பார். உழைக்கிற சேணத்துக்கு அது சரி. நூறு வயதான உறைக்குப் பூசினால் தோல் கருக்கும், நாளடைவில் எண்ணெய் கெட்டு இறுகும், தையல் நூல் இற்றுப்போகும். காரத்தன்மையுள்ள சேணச் சோப்பும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது, நல்ல நிலையில் உள்ள தோலுக்கு ரெனசான்ஸ் வேக்ஸ் போன்ற நுண்படிக மெழுகை மிக மெல்லியதாய்த் தேய்ப்பது, அவ்வளவே. செம்பொடி உதிர்ந்தால் க்ளூசெல் ஜி எனப்படும் செல்லுலோஸ் பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிப் பொடியைப் பிடித்து நிறுத்தலாம்; போன வலிமை திரும்பி வராது. செப்பு, பித்தளைக் குமிழ்களைச் சுற்றிப் பச்சை மெழுகுபோல் திரண்டிருப்பது தோலின் கொழுப்போடு செம்பு வினைபுரிந்தது. மரக்குச்சியால் மெதுவாய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். கத்தியும் கம்பிப் பிரஷ்ஷும் பக்கத்திலேயே வரக்கூடாது.

ராணுவப் பாதை. தோல்தான் உங்கள் முதல் காதல், துப்பாக்கி இரண்டாவதுதான் என்றால் இதை யோசியுங்கள். அமெரிக்க ராணுவம் தன் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளுக்காக எடுத்துக்கொண்ட 1907 மாடல் தோள்வார், இரட்டைத் துளை வரிசையும் கொக்கியும் கொண்ட இரண்டு துண்டு வார். இரண்டாம் உலகப்போரில் அதற்கடுத்த ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்டோடும் போனது. ராக் ஐலண்ட் ஆயுதச்சாலையில் செய்ததில் இடமும் ஆண்டும் சோதித்தவரின் முதலெழுத்துகளும் இருக்கும். பாய்ட் நிறுவனத்தினதில் பெயரோடு 42, 43 என்று ஆண்டு இருக்கும். முதல் போர்க்கால வார்களில் பித்தளைக் கொக்கி; இரண்டாம் போரில் பித்தளையை மிச்சப்படுத்த இரும்புக் கொக்கிகளும் வந்தன. முத்திரையில் 1918 என்றும் கொக்கியில் இரும்பும் இருந்தால் யாரோ பின்னால் சேர்த்தது. இவ்வளவு தகவலைத் தன் உடம்பிலேயே சுமக்கும் தோல் சாமான் வேறெதுவும் இல்லை. சேண உறையில் பட்டறை மட்டும்தான் தெரியும். இங்கே ஆண்டு வரை தெரியும். தமிழ்நாட்டு வாசகருக்கும் இது எளிதாகக் கைக்கு எட்டும் தொடக்கம்.

தனியார் கௌரவப் பதிப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேலைப்பாடு சில சமயம் வின்செஸ்டரின் பதக்கப் பதிப்புகளைவிட அழகாக இருக்கும். ஆனால் ‘300 மட்டுமே’ என்பது அதிகபட்ச வரம்பு. எத்தனை செய்து முடித்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. அடியில் இருப்பது கடையில் கிடைக்கும் புதுத் துப்பாக்கி. உங்கள் படைப்பிரிவு, உங்கள் ஊர், உங்கள் குடும்பம் என்று சொந்தக் காரணம் இருந்தால் வாங்குங்கள். மறுவிற்பனையில் அந்தக் காரணத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

ஆக, யாருக்கு எது? சுட வேண்டும், கையாள வேண்டும், குளிர்காலத்தில் உறையோடு தோளில் போட்டுக் காட்டுக்குப் போக வேண்டும் என்பவர் நினைவுப் பதிப்பை வாங்கினால் வருத்தப்படுவார். தொடுகிற ஒவ்வொரு முறையும் மதிப்பு குறையும் பொருளோடு வாழ முடியாது. அவருக்கு 1964-க்கு முந்தைய கார்பைன், .30-30 தோட்டா. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒளிரும் ஒரு அழகை விரும்புபவர், அதன் நிகழ்ச்சியோடு தனக்கு உறவு உள்ளவர், எண்ணிக்கை குறைந்த பதிப்பைப் பெட்டியோடு வாங்கலாம். நான் டெக்சஸ் ரேஞ்சரைத் தேர்வேன். கைக்காசு குறைவென்றால் சென்டெனியல் 66. விலை மலிவாய் இருப்பது வாங்குபவருக்கு நல்லதே. தோல் சாமான்களுக்காகவே வருபவர் முதலில் உறையை வாங்கி, அதன் உள்வடிவத்துக்குப் பொருந்தும் துப்பாக்கியைப் பிறகு தேடட்டும். துப்பாக்கி லட்சக்கணக்கில் கிடைக்கும். நல்ல உறை கிடைக்காது.

இணைய ஏலத்தில் வாங்குவதானால் பணம் கட்டுமுன் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: தோட்டாத் தூக்கியின் மேல்முகம், பூட்டின் முகம், சுத்தியலின் நெற்றி, பெட்டி உறையில் வரிசை எண், கட்டையின் அடிப்பக்கத்தில் துளை இருக்கிறதா இல்லையா. தோலுறை என்றால் முத்திரை, இரு பக்கங்களும் தனித்தனியாக, வாயின் உட்புறம், நுனியின் தையல், வெட்டு ஓரம். இவற்றில் ஒன்றையாவது அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்; அதே பொருள் அடுத்த மாதம் இன்னொருவரிடம் வரும்.